ஆறு குண்டுத் துப்பாக்கியும் பதினொரு மாடுகளும்

கௌபாய் படத்தில் ஒருவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவினால் நான் எண்ண ஆரம்பித்துவிடுவேன். அந்தத் துப்பாக்கியில் ஆறு குண்டுகள்தான் போட முடியும். இது அந்தப் படங்களே சொல்லிக்கொடுத்த கணக்கு. உருளையைத் திறந்து ஆறு ஓட்டைகளையும் கிட்டத்தில் காட்டுவார்கள். ஆனால் சண்டை வந்துவிட்டால் ஏழு, எட்டு, பத்து என்று அவன் சுட்டுக்கொண்டே போவான். ஒரு தடவை பதினான்கு வரை எண்ணினேன். நடுவில் ஒருமுறைகூட அவன் குண்டு போடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். "டிரஸ்ஸரே, சும்மா படத்தைப் பாருங்க லா" என்றார்கள்.

இப்போதும் அந்தப் படங்களைப் போடுகிறார்கள். ராவாங்கில் மகன் வீட்டு சோபாவில் நான் மத்தியானம் கண்ணயரப் பார்க்கும்போது குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும். டிவிப் பெட்டி தட்டையாகிவிட்டது, நிறம் கூடிவிட்டது. துப்பாக்கியில் மட்டும் இன்னும் குண்டு தீர்ந்தபாடில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்தவன். தோட்டத்து மருந்தறை என் பொறுப்பு. டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், மற்ற நாளெல்லாம் நான்தான். துப்பாக்கிக் காயமும் ஒன்று பார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றி சுடப்போன ஒருவனுக்குத் தொடையில் ஒன்பது சன்னங்கள் பாய்ந்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் ஏழை எடுத்தார்கள், இரண்டை உள்ளேயே விட்டுவிட்டார்கள். புண் சீழ் பிடித்து, துணியை அவிழ்த்தால் அறையில் நிற்க முடியாது. அவன் மறுபடி ரப்பர் மரம் சீவப் போக மூன்று மாதமாயிற்று. படத்தில் என்ன செய்கிறார்கள்? தோளில் குண்டு பாய்ந்தவன் வாயில் கொஞ்சம் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஒருத்தி கத்தியை நெருப்பில் காட்டி நெம்புகிறாள். குண்டு கிண்ணத்தில் டங் என்று விழுகிறது. அடுத்த காட்சியில் அவன் குதிரை மேல் இருக்கிறான், அதே கையால் சுடுகிறான். இரத்தம் எனக்குப் பழக்கம். இந்தப் பொய்தான் பழகவில்லை.

அதைவிடப் பெரிய பொய் சாணி. மாட்டை வைத்துப் பிழைக்கிறவர்களின் கதை என்கிறார்கள். திரை முழுக்க மாடு. ஆனால் ஒரு பொட்டுச் சாணி கிடையாது, ஈ கிடையாது, உண்ணி கிடையாது. மாட்டுக்காரன் சட்டை துவைத்துப் பெட்டி போட்டதுபோல் இருக்கும். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. அங்கே போய்வந்தவன் குளிக்காமல் மருந்தறைக்குள் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

அந்தக் கொட்டகைகளில் ஒன்று என் தங்கையின் வீட்டுக்காரருடையது. அவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். பதினொரு மாடுகள். ஏழு கறவை, இரண்டு சினை, இரண்டு கிடேரிகள். புல் அறுப்பதும் பாலை லயம் லயமாகக் கொண்டுபோய் ஊற்றுவதும் அவர் வேலை. கறப்பது தங்கை. மூத்த பெண் அப்போது கிள்ளானில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முழுவதும் மாட்டு மடியிலிருந்துதான் வந்தது. டிராக்டர் சம்பளம் அரிசி பருப்போடு முடிந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு கௌபாய் என்றால் உயிர். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு பனையோலைத் தொப்பி வாங்கி, விளிம்பை இரண்டு பக்கமும் மடித்துத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் டிராக்டர் ஓட்டுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மன்றத்து டிவியில் ஓர் ஆங்கிலத் தொடர் வரும். தோட்டமே அங்கே கூடும். நாற்காலிகள் உத்தியோகஸ்தர்களுக்கு, தரை மற்றவர்களுக்கு, ஜன்னல்கள் தாமதமாக வந்தவர்களுக்கு. கீழே ஓடும் மலாய் எழுத்தை மாப்பிள்ளை சத்தமாகத் தமிழில் சொல்லுவார். எழுத்தில் நான்கு வார்த்தை இருந்தால் இவர் வாயில் நாற்பது வரும்.

முன்வரிசைப் பிரம்பு நாற்காலி சின்ன துரைக்கு. உதவி நிர்வாகியைத் தோட்டத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். கோலாலம்பூரில் படித்த தமிழர், முப்பது வயதிருக்கும். அவரும் அகன்ற விளிம்பு வைத்த தொப்பிதான் போடுவார். தோலில் செய்தது. பெருவிரல்களைப் பெல்ட்டில் செருகிக்கொண்டு வெளிக்காட்டில், ஆட்கள் வேலைசெய்யும் இடத்தில், நிற்பார். யாரைப் பார்த்து அப்படி நிற்கிறார் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் நடுவில் ஒரு வாரம் நடந்தது. அப்போது தோட்டத்தில் ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். இளம் செம்பனைக் குருத்து என்றால் மாட்டுக்குப் பலகாரம் மாதிரி. அதனால் மாடு வளர்ப்பவர்கள் எல்லாரும் மாட்டைத் தோட்டத்தைவிட்டு அகற்றவேண்டும் என்று பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைசி நாள் ஒரு புதன்கிழமை, மாலை ஆறு மணி. அதற்குப் பிறகு உள்ளே நிற்கிற மாடு தோட்டத்துக்குச் சொந்தம். மற்றவர்கள் விற்றார்கள். மாப்பிள்ளை விற்கவில்லை. சபாக்கில் அவருடைய சித்தப்பா மகனுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. மாடுகளை அங்கே கட்டிக்கொள்ளலாம், பாலில் பாதி என்று பேசி முடித்திருந்தார். அசாம் ஜாவாவில் ஒரு சீனர் லோரி தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை வரும்வரை.

அந்த வெள்ளிக்கிழமைக் கதையில் ஒரு சின்ன மாட்டுக்காரன் வந்தான். பன்னிரண்டு மாடு, பெண்டாட்டி செத்துவிட்டாள். சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்ட பணக்காரனின் ஆள் ஒருவன் வந்து, இவன் வீட்டுக் கதவில் ஒரு காகிதத்தை வைத்து ஆணி அடித்தான். சூரியன் சாய்வதற்குள் மாட்டோடு ஓடிவிடு என்று எழுதியிருந்தது.

சின்ன துரை தொடையில் அடித்துக்கொண்டார். "டூ மச் லா இவனுங்க! ஏழை வயித்துல அடிக்கிறானுங்க பாரு."

"அதானே தொரை! இவனுங்கள சும்மா விடக்கூடாது!" என்று தரையிலிருந்து மாப்பிள்ளை கத்தினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன், இவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. ஒருவர் நோட்டீஸ் ஒட்டச் சொன்னவர், மற்றவர் நோட்டீஸ் வாங்கியவர். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. படித்தவர்கள் சிலர் இந்தப் படங்களில் சரித்திரமே இல்லை என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சட்டை பொய், காயம் பொய், குண்டு பொய். அந்தக் காகிதமும் ஆணியும் நிஜம். அது நிஜம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கும் தெரியவில்லையே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மீதி அடுத்த வாரம் என்று போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை மருந்தறை ஜன்னலில் வந்து நின்றார்.

"மச்சான், லோரி வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஓட்டிக்கிட்டே போயிடலாம். வழி பூரா புல்லு."

"வழி பூரா ரோடு, மாப்பிள்ளை. பஸ்ஸு, மணல் லோரி."

"அங்க ஆயிரம் மாட்டை மாசக்கணக்கா ஓட்டுறான். நாம பதினொன்னை சபாக் வரைக்கும் ஓட்ட முடியாதா?"

"அங்க மாட்டுக்கும் சேத்து நடிக்கச் சொல்லிக்குடுத்திருப்பான்."

"நீங்க ஊசியைத் தவிர எதையும் நம்பமாட்டீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தங்கை தானும் வருகிறேன் என்றாளாம். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அவர் சொன்னதை அவர்கள் வீட்டு வாசலில் நின்று நானே காதால் கேட்டேன்.

"பொம்பளை எதுக்கு? எந்தப் படத்துல பொம்பளை மாட்டுக்குப் பின்னாடி போறா?"

"அப்ப அந்த மாட்டையெல்லாம் யாரு கறக்குறா?" என்றாள் தங்கை.

"அதெல்லாம் காட்டமாட்டான்" என்று சிரித்தார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களாவது கூடப் போங்க. வழியில யாராவது குதிரை குடுத்தா இந்த ஆளு ஏறிப் போயிடுவாரு."

இப்படித்தான் நான் அந்தப் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மாட்டுக்குப் பின்னால் நடந்தேன். தங்கை விடியற்காலையில் கறந்து முடித்து, பதினொரு நெற்றிக்கும் குங்குமம் வைத்து அனுப்பினாள். முன்னால் மாப்பிள்ளை, தொப்பியும் கழுத்தில் சிவப்புத் துண்டுமாக, தம் ஹோண்டா மோட்டார் சைக்கிளை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார். தோளில் ஒரு கயிற்றுச் சுருள். கடைசியில் நான், குச்சியோடு. ஒவ்வொரு வளைவிலும் எண்ணினேன். பதினொன்று. லோரிக்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டினார்கள். கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பிள்ளைகள் "கோபோய்! கோபோய்!" என்று கூடவே ஓடிவந்தார்கள். பிசாங் கோரெங், வாழைப்பழ பஜ்ஜி, பொரித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் கரண்டியைத் தூக்கிக்காட்டி, "அனே, குடா மானா?" என்றார். குதிரை எங்கே என்று கேட்கிறார். மாப்பிள்ளை ஹோண்டாவின் தலையைத் தட்டிக்காட்டினார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கோல சிலாங்கூர் கடைத்தெருவில் செவலை மாடு ஒரு துணிக்கடை வாசலில் சாணி போட்டது. மற்றவையும் வரிசையாகப் போட்டன. கடைக்காரர் ரப்பர்க் குழாயோடு ஓடிவந்து தண்ணீரைச் சாணி மேல் பாதி, என் மேல் பாதி அடித்தார். இதையும் எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள்.

ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புல்வெளி. பிற்பகல் மூன்று மணிபோல் அங்கே நிறுத்தினோம். கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் பாலம் தாண்டி, தஞ்சோங் காராங்கில் தெரிந்தவர் இடத்தில் இரவு தங்குவது என்று திட்டம். மாடுகள் நன்றாகத்தான் மேய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. கறுப்பு மாடு, எப்போதும் முன்னால் போவது, வந்த திசையைப் பார்த்து நின்று நீளமாகக் கத்தியது. எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கறக்குற நேரம் மச்சான்."

"சரி, கறங்க."

கறுப்பு மாட்டின் அருகே குந்தினார். அது பாலை இறக்கவில்லை. மடி பாறைபோல் இறுகி, காம்பில் சொட்டுச் சொட்டாக வழிந்தது. இவர் கை அதற்குப் பழக்கமில்லாத கை. இரண்டாவது தடவை இழுத்ததும் ஓர் உதை. அவர் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். தொப்பி மேல் செவலை காலை வைத்தது. அடுத்ததிடம் போனார், அதுவும் உதைத்தது. அதற்குள் கறுப்பு மாடு ரோட்டுக்கு ஏறி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. கொட்டகைக்குள் தினமும் என்ன வரிசையில் போகுமோ அதே வரிசையில் மற்றப் பத்தும் பின்னால் போயின. மாப்பிள்ளை கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினார். அது பஸ் நிறுத்தக் கம்பத்தில் போய் விழுந்தது. ஹோண்டாவைக் குறுக்கே நிறுத்தினார். மாடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

"வீட்டுக்குப் போவுது மச்சான்" என்றார். குரல் மாறிவிட்டது. ஆறு மணிக்குப் பிறகு தோட்டத்துக்குள் நிற்கிற மாடு என்ன ஆகும் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததுபோல் இருந்தது.

நான் ஹோண்டாவை எடுத்துக்கொண்டு தங்கையைக் கூட்டிவரப் பறந்தேன். அதற்கு முன் நான் அதை ஓட்டியதில்லை. இரண்டு தடவை விழுந்தேன். விஷயத்தைக் கேட்டதும் தங்கை பால் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். வழியெல்லாம் என் காதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். "காட்டமாட்டானாம்! இன்னிக்கு நான் காட்டுறேன் அவருக்கு. தொப்பி போட்டா போதுமா? மடி வலிச்சா அது அம்மான்னு யாரைக் கூப்பிடும், தொப்பியையா?"

அசாம் ஜாவாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஆறு மாடுகள் எதிரே வந்தன. மாப்பிள்ளை அவற்றுக்குப் பின்னால் வெறுந்தலையோடு ஓடிவந்தார். தங்கை இறங்கி "ம்பா, ம்பா" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஆறும் நின்றன. அதில் இருந்த இரண்டு கறவையையும் ரோட்டோரத்திலேயே குந்திக் கறந்தாள். வாளி நிரம்பியதும் பாலைப் புல்லில் பீச்சினாள்.

"மத்ததுங்க எங்க?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"குறுக்கால இறங்கிடுச்சுங்க, செம்பனைக்குள்ள" என்றார் அவர்.

அது தோட்டத்துக்குப் போகும் குறுக்குவழி. ஐந்து மாடுகள். எல்லாம் கறவை, கறுப்பும் அதில் ஒன்று. ஆறையும் மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டுத் தங்கையை மறுபடி ஏற்றிக்கொண்டு போனேன்.

கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. மத்தியானமே பிரித்துத் தள்ளிவிட்டார்கள். வெறும் மண்ணும் கால் நட்ட குழிகளும்தான். அந்த மண்ணில், தினமும் தாங்கள் கட்டப்படும் இடத்தில், வரிசை பிசகாமல் ஐந்து மாடுகளும் நின்றுகொண்டிருந்தன. கறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தன. இரண்டு ஜாகாக்கள், தோட்டத்துக் காவல்காரர்கள், அவற்றின் கழுத்தில் கயிறு போட்டுவிட்டார்கள். சின்ன துரை பெல்ட்டில் விரலைச் செருகிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது.

"தொரை, கறந்துட்டு ஓட்டிக்கிட்டுப் போயிடுறேங்க" என்றாள் தங்கை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு தாண்டிருச்சே. நோட்டீஸ்ல போட்டிருக்கு."

"இதுங்க மேய வரல. மடி வலிச்சு வந்துச்சுங்க" என்றேன் நான்.

"ஐ ஃபீல் சாரி, டிரஸ்ஸர். ரூல்ஸ் இஸ் ரூல்ஸ். வர்ற வழியில எத்தனை செம்பனைக் கன்னைத் தின்னிருக்கு தெரியுமா? வேணும்னா கறந்துக்கட்டும். மாடு இங்கதான் நிக்கும்."

தங்கை கறந்தாள். ஐந்தையும் கறந்தாள். கறுப்பு மாடு அவள் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் போனேன், சின்ன துரை சொன்னதுதான் என்றார். மறுநாள் காலை ஒரு மாட்டு வியாபாரியின் லோரி வந்து ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. மிச்சம் ஆறு மாடுகள் அந்த வியாழக்கிழமை மாலை சபாக் போய்ச் சேர்ந்தன, முதலில் பேசிவைத்த அதே சீனரின் லோரியில். கறவையில் இரண்டுதான் மிச்சம். அதிலும் பாதிப் பால் தோப்புக்காரருக்கு. கிள்ளான் படிப்பு அந்தப் பருவத்தோடு முடிந்தது. பெண் ராவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளை இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு மன்றத்தைப் பார்த்து நடந்தார். சின்ன துரை அங்கே இருப்பார். கைகலப்பாகிவிடும், வேலையும் போய்விடும் என்று பயந்து நான் பின்னாலேயே ஓடினேன். மாப்பிள்ளை தரையில் தம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். சின்ன துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். தொடர் ஆரம்பமாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை மெதுவாக மலாய் எழுத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் பன்னிரண்டு மாட்டுக்காரன் பழைய துப்பாக்கியோடு வாசலில் தனியாக நின்றான். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் குதிரையில் வந்து அவன் பக்கம் நின்றார்கள். மன்றத்தில் விசில். சின்ன துரை எழுந்தே நின்றுவிட்டார். "தட்ஸ் இட்! விடாதே! மாட்டைக் குடுக்காதே!"

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. முன்னால் போய் டிவியை அணைத்தேன்.

சின்ன துரை என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லுவார், நானும் சொல்லிவிடவேண்டும் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் குரல் தரையிலிருந்துதான் வந்தது.

"என்னா மச்சான் இது! போடுங்க லா! அவன் மாடு அவனுக்குக் கிடைச்சுச்சா இல்லையான்னு பாக்கணும்."

மாப்பிள்ளை எழுந்துவந்து, என் கையை விலக்கிவிட்டு, தாமே டிவியைப் போட்டார். "தேங்க்யூ" என்றார் சின்ன துரை. மாப்பிள்ளை தலையாட்டினார். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். படம் வருவதற்குள் இருவரும் கழுத்தை ஒரே மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டார்கள்.

நான் வெளியே வந்துவிட்டேன். மருந்தறைக்குப் போகும் செம்மண் பாதையில் நடக்கும்போது பின்னால் துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்தது. ஒரே துப்பாக்கிதான், சத்தத்திலேயே தெரியும். ஒன்பது வரை எண்ணினேன். அப்புறம் கைதட்டல். பன்னிரண்டும் கிடைத்துவிட்டன போலிருக்கிறது.